மணி அடித்தால் பாய்க்குப் போகணும்: தீபாவளி விருந்தினரும் வீட்டு நாயும்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நாய்க்கு வெளியுலகம் வாசலின் கம்பிக் கதவுதான். பொட்டலம் கொண்டுவருபவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். விரட்டியது தன் குரைப்புதான் என்று நாய் கணக்குப் போடுகிறது. தினமும் நான்கைந்து தடவை இந்தப் பாடம் நடந்தால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. முதலில் கதவின் கீழ்ப்பகுதியை நாயின் கண்மட்டத்துக்கு மேல்வரை மறைத்துவிடுங்கள்.

அடுத்து, கதவிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஒரு பாய். அதில் கால் வைத்தாலே பட்டாணி அளவு வேகவைத்த கோழி. உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்ததும் மணியைச் சேர்க்கலாம். வீட்டு மணியோசையைக் கைப்பேசியில் பதிந்து, கேட்டும் கேட்காமலும் ஒலிக்கவிட்டு, உடனே தீனியைப் பாயில் போடுங்கள். முதலில் மணி, பிறகுதான் தீனிப் பைக்குள் கை. மாற்றிச் செய்தால் நாய் மணியைக் கவனிக்காது, உங்கள் கையைத்தான் பார்க்கும். ஒரு தடவைக்குப் பத்து மணியோசை, மொத்தம் 3 நிமிடம், நாளுக்கு இருமுறை போதும். குரைத்தால் சத்தம் கூடிவிட்டது. ஒரு படி குறையுங்கள். நீங்கள் கத்தினால், வீடே சேர்ந்து குரைக்கிறது என்றுதான் அதற்குத் தோன்றும்.

நாயைவிடப் பழக்கச் சிரமமானவர்கள் விருந்தினர். நாய் மேலே தாவும்போது எல்லாரும் முகம் திருப்பிக்கொள்ள, ஒரு மாமா மட்டும் “பரவாயில்லைம்மா, எனக்கு நாய்னா உசுரு” என்று தட்டிக்கொடுத்தால் இரண்டு வார உழைப்பு போச்சு. எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கும். முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்: “நாலு காலும் தரையில் இருந்தால்தான் தொடணும்.” அவர்கள் வருகிற நேரத்தில் நாயின் கழுத்தில் 1.5 மீட்டர் வார் இருக்கட்டும்.

உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, வெள்ளைவிழி தெரியப் பார்ப்பது, உடம்பு விறைப்பது எல்லாம் உற்சாகமல்ல, பயம். அந்த நாயைப் பாயில் உட்காரவைக்காமல் அறைக்குள் விடுங்கள். உறுமலைத் திட்டி அடக்கினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் மறையும். அடுத்த தடவை நேராகக் கடிதான்.

தீபாவளியன்று இருபது பேர் வந்துபோகும் வீட்டில் நன்கு பழகிய நாய்க்கும் அறையே நல்லது. முஸ்லிம் நண்பர்கள் பலர் நாயின் எச்சில் படுவதைத் தவிர்ப்பார்கள், அவர்களுக்கும் நிம்மதி. பாயசத்துத் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்பதும் ஒரு காரணம். பிள்ளைகள் திறந்துவிடாதபடி அறைக்கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டு, சாவியை உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.