இடுப்பு மூட்டை அமுக்காதீர்கள், அணியத்தைத் தூக்குங்கள்

மீன்பிடித் தடைக்காலம் முடிய ஒரு வாரம் இருந்தபோது அந்த இளைஞர் என்னிடம் சிகிச்சைக்கு வந்தார். மண்டபத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், வயது 23. ஏப்ரல் 15இல் படகு கரையேறியதிலிருந்து பகலெல்லாம் தரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார், மாலையில் கபடி. வலது கவட்டுக்குள் ஏதோ குத்துகிறது என்றார். எந்த இடம் என்று கேட்டதும் வலது கையை அகல விரித்துக் கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலுமாக இடுப்பின் பக்கத்தைக் கவ்விப் பிடித்தார். இடுப்பு மூட்டுக்குள் கோளாறு உள்ளவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் காட்டுவார்கள். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஆனால் சொன்னார். முதலில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். பிறகு கபடி சொல்லித்தருபவர், "தொடை இறுகிக் கிடக்கிறது, இழுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து உள்பக்கமாகத் திருகி, மேலே இன்னொரு பையனை ஏறி அமுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் அல்ல, 12 நாள். பதின்மூன்றாம் நாள் பைக்கில் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. இந்தத் தடைக்காலத்தில் மட்டும் இதே கதையோடு என்னிடம் வந்தவர்களில் இவர் நான்காமவர். எனக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்வோம். நம் பேச்சில் இடுப்பு என்றால் சேலை கட்டும் இடம், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடம். இடுப்பு மூட்டு அங்கே இல்லை. அது தொடையிடுக்கில், கவட்டின் ஆழத்தில் இருக்கிறது. அதனால்தான் 'இடுப்பு வலி' என்று வருகிறவருக்கு முதுகெலும்பைப் படம் எடுக்கிறார்கள். கவட்டில் வலி என்று வருகிறவர் குடலிறக்கமோ என்று பயந்து, வெட்கப்பட்டு, நாலு மாதம் வாயே திறப்பதில்லை.

அந்த மூட்டு ஒரு கிண்ணமும் பந்தும். சிலருக்குப் பந்துக்குக் கீழே கழுத்து ஒடுங்க வேண்டிய இடம் ஒடுங்காமல் சற்றுப் புடைத்திருக்கும், சிலருக்குக் கிண்ணத்தின் விளிம்பு அளவுக்கு மீறி நீண்டிருக்கும், சிலருக்கு இரண்டும். தொடையை மடக்கும்போது எலும்பும் விளிம்பும் முட்டி, இடையில் உள்ள லாப்ரம் என்னும் மெத்தென்ற வளையம் நசுங்குகிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ரெயின்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003இல் இதை விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் கவனித்தது. வளர்பருவத்தில் கடுமையாக விளையாடும் பையன்களுக்குக் கழுத்துப் புடைப்பு அதிகம் என்பதும் தெரிந்த செய்தி. அந்தப் புடைப்போடு ஆயுள் முழுக்க ஒரு வலியும் இல்லாமல் ஓடியாடுகிறவர்களும் ஏராளம். ஆகவே எக்ஸ்ரேயைப் பார்த்து "எலும்பு வளர்ந்துவிட்டது" என்று அழாதீர்கள். வலி, பரிசோதனையில் தெரியும் குறி, படம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இது நோய் என்று 2016இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி முடிவு செய்திருக்கிறார்கள்.

இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: "இறுகியிருக்கிறது, இழுத்துவிடு."

உட்கார்ந்த இடத்திலேயே முழங்காலை நெஞ்சை நோக்கித் தூக்கிப் பாருங்கள். இழுபடுவது எது? தொடையின் பின்பக்கம், புட்டம். முன்னால் கவட்டில் இருக்கும் தசைகள் இழுபடுவதில்லை, சுருங்கித் தொய்கின்றன. மடித்த துணியின் உள்மடிப்பு இழுபடுமா? அப்படியிருக்க, முழங்காலை மடக்கும்போது வலி முன்னால், மடிப்பின் ஆழத்தில் வருகிறது என்றால் அது இழுபடும் வலியாக எப்படி இருக்க முடியும்? அது நசுங்கும் வலி. நசுங்குவதை மேலும் அமுக்கினால் மேலும் நசுங்கும். கதவுக்கு அடியில் கல் சிக்கியிருக்கிறது. நீங்கள் கீலுக்கு எண்ணெய் விட்டு, தோள் கொடுத்துத் தள்ளுகிறீர்கள். கதவு திறக்காது, கீல்தான் பெயரும். எலும்பை இழுத்து நீட்டிய வைத்தியர் இதுவரை யாரும் இல்லை.

"ஆனால் தசை கல்லாக இருக்கிறதே" என்பார்கள். இருக்கும். உள்ளே முட்டுகிறது என்பதால் சுற்றியிருக்கும் தசைகள் காவல் நிற்கின்றன. காவல்காரனை அடித்துத் துரத்தினால் திருடன் போய்விடுவானா? அந்தப் பையனை அமுக்கிய விதம் இருக்கிறதே, மடக்கி, உள்ளே தள்ளி, உள்பக்கம் திருகுவது, அது நாங்கள் இந்த நோய் இருக்கிறதா என்று சோதிக்கச் செய்யும் அசைவு. வலி வருகிறதா என்று பார்க்க ஒரே ஒரு முறை, மெதுவாகச் செய்வோம். அதைப் பன்னிரண்டு நாள் சிகிச்சையாகச் செய்திருக்கிறார்கள்.

எலும்பை நீட்ட முடியாது என்றால் என்னதான் வழி? கிண்ணம் அசையும். கிண்ணம் இருப்பது இடுப்பெலும்பில், இடுப்பெலும்பு முன்னும் பின்னும் சாயக்கூடியது. நம் கடற்கரை ஆட்களுக்கு இதைப் படகை வைத்துச் சொன்னால் ஒரு நொடியில் புரிந்துவிடுகிறது. இடுப்பெலும்பைப் படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால், அடிவயிற்றுப் பக்கம் அணியம் (படகின் முன்முனை), பின்னால் அமரம் (பின்முனை). முதுகைக் குழித்துப் புட்டத்தைப் பின்னால் தள்ளினால் அணியம் தாழ்கிறது. கிண்ணத்தின் முன்விளிம்பும் அதோடு இறங்கித் தொடையெலும்பின் வழியை மறிக்கிறது, தொடை சீக்கிரமே முட்டுகிறது. அணியத்தைச் சற்றுத் தூக்கினால் விளிம்பு விலகி, தொடைக்கு இடம் கிடைக்கிறது. கணினி மாதிரிகளை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வில், இடுப்பெலும்பு 10 பாகை முன்சாய்ந்தால், மடக்கிய தொடை உள்பக்கம் திரும்பும் அளவு ஏறத்தாழ 6 பாகை குறைந்தது. ஏற்கெனவே பத்துப் பதினைந்து பாகைதான் திரும்பும் மூட்டுக்கு இது சின்ன இழப்பு அல்ல.

இதில்தான் "நிமிர்ந்து உட்கார், நெஞ்சைத் தூக்கு" என்ற பள்ளிக்கூடத்து அறிவுரை கெடுதல் செய்கிறது. சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர் முதுகை விறைத்துக் குழித்தால் அணியம் தாழும், கவட்டில் குத்தும். உடற்பயிற்சிக் கூடத்தில் தோளில் பாரத்தோடு ஆழமாகக் குந்தச் சொல்லி, "முதுகு வளையக் கூடாது, புட்டத்தைத் தள்ளு" என்று கத்துவதும் இதே கணக்கு. நல்ல மூட்டு உள்ளவர் ஆழக் குந்தும்போது அடியில் இடுப்பெலும்பு தானாகவே பின்சாயும். மூட்டு முட்டுகிறவர்களுக்கு அந்த அசைவு குறைவு, அவர்களால் அவ்வளவு ஆழம் குந்தவும் முடிவதில்லை என்று கனடாவில் செய்த ஆய்வு ஒன்று 2009இல் காட்டியது. இதைப் படித்துவிட்டு நாள் முழுக்கக் கூன் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். முதுகு வலி என்று என்னிடமே வருவீர்கள். ஒரே நிலையில் உறையாமல், மடங்கும் நேரத்தில் அணியம் தாழாமல் இருந்தால் போதும்.

பழகுவது எளிது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை லேசாக உள்ளிழுத்து, முதுகின் குழிவைப் பாயில் ஒட்டவையுங்கள், பிறகு தளருங்கள். பத்து முறை, காலையும் மாலையும். அது பிடிபட்டதும் அப்படியே புட்டத்தைத் தரையிலிருந்து தூக்கி இறக்குங்கள். அடுத்து நாலுகாலில் நின்று பின்னோக்கி மெதுவாக அசையுங்கள், குத்தல் தொடங்குவதற்கு ஒரு விரல் முன்னாலேயே நிறுத்துங்கள். வலியைத் தாண்டிப் போவது வீரம் இல்லை. புட்டமும் வயிறும் வலுவாக மூன்று மாதமாவது ஆகும். பதினைந்து நாளில் "கேட்கவில்லை" என்று ஊசிக்கு ஓடாதீர்கள்.

வேலையில்: தரையில் உட்காராதீர்கள் என்றால் நடக்காது என்று எனக்குத் தெரியும். வலை பொத்துகிறவர்கள் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள். முழங்காலைவிட இடுப்பு உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடல்பாசி தரம் பிரிக்கும் அக்காமார், கருவாடு காயப்போடுகிறவர்கள், குந்தியே வேலை செய்வதைவிட ஒரு மணைப்பலகையும் அதன்மேல் மடித்த சாக்கும் போட்டுக்கொள்ளுங்கள், முழங்கால்களை அகட்டி வையுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் தொழுகையைக் கேட்பார்கள். சஜ்தாவில், அதாவது நெற்றி தரையில் படக் குனியும்போது, முழங்கால்களைச் சற்று விலக்கினால் பலருக்கு வலி குறைகிறது; அதுவும் முடியாதவர்கள் நாற்காலியில் தொழலாம் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பைக்கில் ஏறும்போது காலைச் சுழற்றி வீசாதீர்கள், வண்டியைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சையை நான் எதிர்ப்பவன் அல்லன். 348 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், துளைவழி அறுவை செய்துகொண்டவர்களும் பயிற்சி மட்டும் செய்தவர்களும் தேறினார்கள்; ஓராண்டு முடிவில் அறுவை செய்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆகவே பயிற்சி முதலில், தீராவிட்டால் கத்தி. மதுரைக்குக் கிளம்பும் முன் மூன்று மாதம் பொறுங்கள்.

பொறுக்கக் கூடாதவையும் உண்டு. காய்ச்சலோடு வரும் கவட்டு வலி, இரவில் எழுப்பும் வலி, காலை ஊன்றவே முடியாத நிலை. குடிப்பழக்கமோ நாட்பட்ட ஸ்டீராய்டு மாத்திரையோ உள்ளவருக்கு வரும் வலி, ஏனெனில் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை, குறிப்பாக உடல் பருமனான பிள்ளை, முழங்கால் வலி என்று சொல்லி நொண்டினால் நடக்கவிடாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். இதில் எதற்கும் பயிற்சியும் கிடையாது, நீவலும் கிடையாது.

கபடி சொல்லித்தரும் அண்ணன்மாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: பையன் "முன்னால் குத்துகிறது" என்றால் கையை எடுத்துவிடுங்கள். பாடிப் போகும்போது முழங்கால் உள்பக்கம் ஒடிந்து, முதுகு குழிந்து பதுங்குகிறானா என்று மட்டும் பாருங்கள். அதைத் திருத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த மண்டபத்து இளைஞர் போன வாரம் மறுபடி வந்தார். குத்தல் முழுக்கப் போகவில்லை, கபடிக்கு இன்னும் அனுமதி தரவில்லை. எல்லோரும் மணலில் உட்கார்ந்திருக்க இவர் மட்டும் மீன்பெட்டிமேல் உட்கார்ந்து வலை பொத்துவதால், கரையில் 'சம்மாட்டி' (படகு முதலாளி) என்று கிண்டல் செய்கிறார்களாம். செய்யட்டும். வலி மாத்திரை போட்டு ஆறு வாரம் ஆகிறது என்றார்.