ஒனே, ரெஸ்பே: ஹைட்டியின் வாசல் வாழ்த்து

கரீபியன் தீவு நாடான ஹைட்டியின் கிராமப்புறங்களில் ஒரு வீட்டுக்குப் போகிறவர் முற்றத்துக்கு வெளியே நின்று "ஒனே!" என்று குரல் கொடுப்பது பழைய மரபு. உள்ளிருந்து "ரெஸ்பே!" என்று பதில் வந்த பிறகே நுழைவார். சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைத் தட்டுவது மரியாதைக் குறைவு.

இரண்டுக்கும் வேர் பிரெஞ்சு. 'ஒனே' என்றால் மாண்பு, 'ரெஸ்பே' என்றால் மரியாதை. முன்னது அந்த வீட்டுக்கு, பின்னது வந்தவருக்கு. பிரெஞ்சில் 'ஒனர்' என ஒலிக்கும் சொல், ஹைட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழியில் ஈற்று ரகரத்தை இழந்தது; இதழ் குவித்துச் சொல்லும் உயிரும் விரிந்து ஏகாரமானது. பிரெஞ்சின் பகல் வாழ்த்தான 'பொன்ஜூர்' 'பொன்ஜூ' ஆனதும், மாலை வாழ்த்தான 'பொன்சுவார்' 'பொன்சுவா' ஆனதும் இப்படி ரகரத்தை இழந்துதான். இவற்றில் 'ன்' சொல்லும்போது நாக்கு மேலே ஒட்டக்கூடாது, மூக்கில் மட்டும் ஒலிக்க வேண்டும். 'ரெஸ்பே'யின் ரகரம் நாக்கு நுனியில் உருளாது, தொண்டையில் மெல்ல உரசும்.

பிரெஞ்சு படித்தவர்கள்தான் நேரத்தில் தவறுவார்கள். பிரெஞ்சில் 'பொன்சுவார்' மாலைக்குரியது. ஹைட்டியிலோ நண்பகல் தாண்டியதும், உச்சி வெயிலிலேயே, 'பொன்சுவா' தொடங்கிவிடும். கடைக்குள் போனால் விலை கேட்கும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். ஆணென்றால் 'மெஸ்யே', பெண்ணென்றால் 'மடாம்', பலர் இருந்தால் 'மெஸ்யேடாம்' சேர்ப்பது நல்லது.

'சாக் பாசே?' (என்ன சேதி?) என்பதைப் பயணிகள் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்குரிய பதில் 'நாப் பூலே', சொல்லுக்குச் சொல் 'எரிந்துகொண்டிருக்கிறோம்'. ஜோராக இருக்கிறோம் என்று பொருள். சம வயதுத் தோழர்களிடம் மட்டும் இது பொருந்தும். பெரியவர்களிடம் 'கூமான் ஊ யே?' (எப்படி இருக்கிறீர்கள்?) என்பதே முறை.

தமிழில் 'ஒனே'யின் வேலையைச் செய்வது "வீட்ல யாருங்க?", 'ரெஸ்பே'க்கு "வாங்க, வாங்க". ஆனால் நம்முடையது கேள்வி, அவர்களுடையது வாழ்த்து. எழுத்தில் 'இல்லத்துக்கு மாண்பு', 'வந்தவருக்கு மரியாதை' என்று மொழிபெயர்ப்பது நெருக்கமாக இருக்கும். 'பொன்சுவா'வை 'மாலை வணக்கம்' ஆக்கினால் பகல் ஒரு மணிக் காட்சியில் இடறும். வெறும் 'வணக்கம்' போதும். 'காலை வணக்கம்', 'மாலை வணக்கம்' இரண்டுமே ஆங்கிலத்தைப் பார்த்து நாம் செய்துகொண்டவைதானே.