முள் மறைக்கும் எண்: காரில் மாட்டும் டிஜிட்டல் மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

காரின் டேஷ்போர்டில் இருக்கும் இன்ஜின் சூட்டு முள்ளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். வண்டியைக் கிளப்பிய சில நிமிடங்களில் நடுவுக்கு வரும், அப்புறம் அங்கேயே நிற்கும். நெரிசலில் நின்றாலும் சரி, ஏசியைப் போட்டுக்கொண்டு வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினாலும் சரி, பெரும்பாலும் அசையாது. உள்ளே கூலண்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம் என்னவோ ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முள் லேசாக ஏறினாலே ஓட்டுபவர் பயந்துவிடுவார் என்பதால், ஏறத்தாழ 80 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை அது நடுவிலேயே நிற்கும்படி பல கார்களில் அமைத்துவிடுகிறார்கள். வரம்பு காருக்குக் கார் மாறும். ஆனால் முள் நடுவை விட்டு நகர்ந்தால், சூடு ஏற்கெனவே எல்லையைத் தொட்டிருக்கும். பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது. ஒரு எச்சரிக்கை விளக்கு மட்டும்தான்.

அதிக சூட்டில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டால் ஆகும் செலவை நினைத்தால் இது நியாயமே இல்லை. ஏனென்றால் சரியான எண் காரிடமே இருக்கிறது. கூலண்ட் ஓடும் பாதையில் ஒரு சென்சார் இருக்கும். சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆனது அது. அதன் மின்னழுத்தத்தை அளந்து, இன்ஜினின் கணினியான ஈசியூ வெப்பத்தைக் கணக்கிடுகிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ரேடியேட்டர் ஃபேனை எப்போது ஓடவிடுவது என்று தீர்மானிக்க அதற்கு இந்த எண் வேண்டும். நாம் தனியாக வாங்கி மாட்டும் டிஜிட்டல் மீட்டர் எதையும் புதிதாக அளப்பதில்லை. ஈசியூவிடம் கேட்டு வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கேட்பதற்கான வழி காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டங்களால் வந்தது. புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று கார் தன்னைத்தானே சோதித்துச் சொல்ல வேண்டும் என்று கலிபோர்னியா வற்புறுத்தியது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து ஓபிடி-2 என்ற இந்தச் சுயசோதனை முறை கட்டாயமானது. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்குப் பக்கத்தில் தேடினால் 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் கிடைக்கும். மீட்டரோ புளூடூத் அடாப்டரோ அங்கேதான் செருக வேண்டும்.

இன்றைய கார்களில் இந்த உரையாடல், ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் என்ற தகவல் பரிமாற்ற முறையில், 6, 14 ஆகிய துளைகளில் வரும் இரண்டு கம்பிகள் வழியாக நடக்கிறது. கூலண்ட் வெப்பம் வேண்டுமென்றால் மீட்டர் 01, 05 என்ற இரண்டு எண்களை அனுப்பும். முதல் எண் 'இப்போதைய நிலவரம் சொல்', இரண்டாவது 'கூலண்ட் வெப்பத்தைச் சொல்'. பதிலாக 130 வந்தால் அதில் 40 கழிக்க வேண்டும்: 90 டிகிரி. ஆர்க்டிக் குளிரில் வெப்பம் சுழியத்துக்குக் கீழே போனாலும் மைனஸ் குறி இல்லாமல் சமாளிக்கத்தான் இந்த 40. ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது) கேட்டால் இரண்டு எண்கள் வரும். 12, 128 என்று வந்தால் 12-ஐ 256-ஆல் பெருக்கி, 128-ஐக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும்: 800. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், ஐடிலில் ஓடும் இன்ஜின்.

மைலேஜும் இப்படிக் கணக்கில் வருவதுதான். இன்ஜின் ஒரு நொடிக்கு 7 கிராம் காற்றை இழுக்கிறது என்று வையுங்கள். 14.7 கிராம் காற்றுக்கு ஒரு கிராம் பெட்ரோல் என்ற விகிதத்தில், மணிக்கு ஏறத்தாழ 2.3 லிட்டர் செலவாகிறது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் லிட்டருக்கு 26 கிலோமீட்டர். டீசல் இன்ஜினில் இந்த விகிதம் நிலையாக இருக்காது என்பதால் இந்தக் கணக்கு அங்கே பலிக்காது. பெட்ரோல் காரிலும் டேங்கை நிரப்பி ஒப்பிட்டுப் பார்த்து மீட்டரைத் திருத்திக்கொள்வது நல்லது.

ஒரே திரையில் பத்து அளவுகளை அடுக்க ஆசை வரும். வேண்டாம். மீட்டர் ஒவ்வொன்றாகத்தான் கேட்கிறது, பழைய கார்களில் நொடிக்குச் சில பதில்களே வரும். கூலண்ட் வெப்பமும் பேட்டரி வோல்டேஜும் எனக்குப் போதும். இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் பொதுவாக 13.8-லிருந்து 14.4-க்குள் இருக்கும் (சில புதிய கார்களில் கணினியே கூட்டிக் குறைக்கும்). 12.5-லேயே நின்றால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, உங்கள் வண்டிக்கு எது வழக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சமதளத்தில் எப்போதும் 88 காட்டும் வண்டி அதே சாலையில் 97 காட்டத் தொடங்கினால், கூலண்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். முள் இதைச் சொல்லவே சொல்லாது. மலையேறும்போது 100, 104, 108 என்று ஏறிக்கொண்டே போனால் ஏசியை அணையுங்கள். இறங்கவில்லையென்றால் அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். கூலண்ட் ஒழுகவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை என்றால் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிடலாம், ஃபேனும் பம்பும் சூட்டை வெளியேற்றும். ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. அழுத்தத்தால்தான் உள்ளே கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.

இந்த மீட்டருக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. கூலண்ட் மொத்தமும் ஒழுகிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்க, எண் குறைவாகக்கூடக் காட்டலாம். அதனால் திடீரென்று எண் விழுந்தாலும் நிறுத்திப் பாருங்கள். 16-ஆம் துளையில் எப்போதும் பேட்டரி மின்சாரம் உண்டு என்பதால், வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள். ஆயில் அழுத்தத்துக்கோ ஓபிடி-2-ன் பொதுப் பட்டியலில் இடமே இல்லை, பெரும்பாலான கார்களில் அதற்கு இருப்பது ஒரு சுவிட்சும் சிவப்பு விளக்கும்தான். ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஓரம் கட்டி இன்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும்.