வெட்டியது எதுவும் வெட்டுப்படவில்லை

போன தை மாதம் எங்கள் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். வீடியோவை எடிட் செய்தது என் சித்தி பையன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, கல்யாண வீடியோக்களில் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறவன். நான்கு ராத்திரி கண்விழித்து முடித்துவிட்டு, கடைசியாக ஒருமுறை பெரிய திரையில் போட்டுப் பார்க்கலாம் என்று ப்ராஜெக்ட் ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். 40 நிமிட வீடியோ, ஃபைல் 2 எம்பி. அப்போதே அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு, மீடியா ஆஃப்லைன் என்று. "எல்லாம் போச்சுண்ணே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். எதுவும் போகவில்லை, அவன் வீடியோவைக் கொண்டுவரவே இல்லை, அவ்வளவுதான்.

அவிட், பிரீமியர், ஃபைனல் கட், டாவின்சி ரிசால்வ் என்று தொழில்முறை வீடியோ எடிட்டிங் மென்பொருள் எதை எடுத்தாலும் அடிப்படை ஒன்றே: உங்கள் ஃபுட்டேஜை, அதாவது கேமரா எடுத்த அசல் வீடியோவை, அது தொடுவதே கிடையாது. டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) நீங்கள் போடும் ஒவ்வொரு வெட்டும் ஒரு குறிப்பு. இந்த ஃபைலில் 312-ஆவது ஃபிரேமில் (வீடியோவின் ஒற்றைப் படம்) ஆரம்பி, 480-இல் நிறுத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்று, மேலே இந்தப் பெயரை எழுது, அப்புறம் அந்த ஃபைலுக்குப் போ. பிரீமியரின் ப்ராஜெக்ட் ஃபைலை ஜிப் பிரிப்பதுபோலப் பிரித்தால் உள்ளே இதெல்லாம் எக்ஸ்எம்எல் வடிவில் வெறும் எழுத்தாகவே இருக்கும், நோட்பேடில் படிக்கலாம் (படித்தால் தலை சுற்றும், அது வேறு விஷயம்). கல்யாணச் சமையல்காரர் எழுதித் தருகிற மளிகைச் சிட்டை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தம்பி சிட்டையை மட்டும் மடித்து எடுத்து வந்து பந்தி போடப் பார்த்தான்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்பதற்கு டேப் காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபிலிமில் இடையே ஒரு ஷாட்டைச் செருகுவது சுலபம், ஒட்டைப் பிரித்துச் செருகி மறுபடி ஒட்டினால் போதும். வீடியோ டேப்பில் அது முடியாது. ஒரு மெஷினில் ஓடவிட்டு இன்னொன்றில் வரிசையாகப் பதிந்துகொண்டே போக வேண்டும். மூன்றாவது நிமிடத்தில் 10 வினாடியைக் குறைக்கச் சொன்னால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் மறுபடி பதிய வேண்டும், இல்லாவிட்டால் டேப்பை நகலெடுத்துத் தரத்தை இழக்க வேண்டும். இதிலிருந்து தப்பிக்க அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியும் மெமோரெக்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1971-இல் சிஎம்எக்ஸ் 600 என்ற எந்திரத்தைக் கொண்டுவந்தன. கருப்பு வெள்ளையில், மங்கலாக, அரை மணி நேரப் படம்தான் அதன் வட்டுகளில் அடங்கும்; விலை 2,50,000 டாலர். ஆனால் எந்த ஷாட்டுக்கும் உடனே தாவலாம். எடிட்டர் எடுத்த முடிவுகள் ஒரு பட்டியலாக வெளியே வரும், அதை வைத்து அசல் டேப்பிலிருந்து நல்ல தரத்தில் தொகுத்துக்கொள்வார்கள். 1989-இல் அவிட் வந்து இதைச் சாதாரணக் கணினிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது, 1991-இல் பிரீமியர், 1999-இல் ஃபைனல் கட். எந்திரங்கள் மாறின, பட்டியல் அப்படியே இருக்கிறது.

இதன் லாபம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஒரே ஃபுட்டேஜிலிருந்து முழு வீடியோ ஒன்று, மூன்று நிமிடச் சுருக்கம் ஒன்று, ரீல்ஸுக்குச் செங்குத்தாக ஒன்று என்று எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒரு ஃபிரேமைக்கூட நகலெடுக்க வேண்டாம். நேற்று வெட்டி எறிந்ததை அடுத்த மாதம் திரும்பக் கேட்டாலும் கிடைக்கும். கலர் வேலையில் இது இன்னும் அழகு: ரிசால்வ் உள்ளுக்குள் வெள்ளைக்கு மேலே போன மதிப்புகளையும் தாங்கும் 32 பிட் மிதவைப்புள்ளி எண்களில் கணக்குப் போடுவதால், ஒரு கட்டத்தில் வெளிச்சத்தை அளவுக்கு மீறி ஏற்றி வானத்தை வெளுக்கடித்துவிட்டு அடுத்த கட்டத்தில் இறக்கினால், மறைந்த மேகங்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

சரி, இவ்வளவு நல்லது செய்கிற பொருள் ஏன் இத்தனை பேரை வைய வைக்கிறது? காரணம் அதே பட்டியல்தான். முடிந்த படம் எங்கேயும் இல்லாததால், நீங்கள் பிளே பட்டனை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் மென்பொருள் அதைப் புதிதாகச் சமைத்தாக வேண்டும். ஃபைலைத் தேடி, சுருக்கத்தை விரித்து, நிறத்தை மாற்றி, எஃபெக்ட் போட்டு, எழுத்தை மேலே ஒட்டித் திரைக்கு அனுப்ப வேண்டும். வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 40 மில்லிவினாடி. 4கே ஃபிரேம் ஒன்றில் சுமார் 83 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு நான்கு மதிப்புகளை (சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு) 32 பிட்டில் வைத்தால் ஒரே ஃபிரேம் 133 எம்பி பிடிக்கும். நாய்ஸைக் (படத்தில் நெளியும் புள்ளிகள்) குறைக்கும் எஃபெக்ட் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு பார்க்கும், ஆகவே கிராஃபிக்ஸ் அட்டையின் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற செய்தி எப்போதும் வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வரும்.

இதில் பெரிய வில்லன் நம் கையில் இருக்கும் போன். ஒரு நிமிட 4கே வீடியோவை வினாடிக்கு 30 ஃபிரேம் வீதம் சுருக்காமல் 8 பிட்டில் வைத்தால் சுமார் 45 ஜிபி வரும். ஐபோன் அதையே சுமார் 170 எம்பியில் அடைத்துவிடுகிறது, 260 மடங்குக்கும் மேல் சுருக்கம். எப்படி? ஒரு அரிசி மண்டியின் இருப்பு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி எல்லா மூட்டையையும் எண்ணி முழுதாக எழுதுவார்கள். அதற்குப் பிறகு தினமும் வந்தது, போனது மட்டும். 23-ஆம் தேதி எவ்வளவு இருப்பு என்று கேட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். போன்கள் பயன்படுத்தும் சுருக்க முறைகளான எச்.264, எச்.265 இரண்டும் இப்படித்தான் எழுதுகின்றன: எப்போதாவது ஒரு முழு ஃபிரேம், இடையில் எல்லாம் மாற்றங்கள் மட்டும். அதிலும் சில ஃபிரேம்கள் 25-ஆம் தேதிக் கணக்கைப் பார்த்து 23-ஆம் தேதியை எழுதும் ரகம், எந்த மண்டி முதலாளியும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

படம் பார்ப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை, அவர் முதலிலிருந்து வரிசையாகத்தான் பார்ப்பார். எடிட்டர் அப்படிப் பார்ப்பவரா? நடுவில் தாவுவார், பின்னால் ஓட்டுவார், ஒரு ஃபிரேம் முன்னே ஒரு ஃபிரேம் பின்னே என்று தடவிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு தாவலுக்கும் மென்பொருள் முந்தைய முழு ஃபிரேமுக்கு ஓடிப்போய் அங்கிருந்து கணக்கைக் கூட்டிவர வேண்டும். தலைகீழாக ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

வழி இருக்கிறது. ஆப்பிளின் ப்ரோரெஸ், அவிட்டின் டிஎன்எக்ஸ் போன்ற கோடெக்குகள் (வீடியோவைச் சுருக்கி எழுதும் முறைகள்) ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாக, முழுதாக எழுதுகின்றன, அதாவது தினமும் மூட்டையை எண்ணுகிற மண்டி. பேனா பிடித்தவருக்கு வேலை அதிகம், நோட்டும் தடிமன்: 4கே-வில் ப்ரோரெஸ் 422 நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.5 ஜிபி. எல்லாவற்றையும் இப்படி மாற்ற ஹார்ட் டிஸ்க் கட்டுப்படி ஆகாது என்பவர்கள் ப்ராக்ஸி செய்துகொள்வார்கள். சின்ன அளவில் ஒரு நகல், எடிட்டிங் அதில், எக்ஸ்போர்ட் செய்யும்போது பட்டியல் அசல் ஃபைலைக் காட்டிவிடும். ப்ராக்ஸி உருவாகிற ராத்திரியில் தூங்கப் போய்விடலாம் என்பதே இதன் முதல் நன்மை என்று நான் சொல்வேன்.

பணத்தைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கேமராக்கள் 4:2:2 10 பிட் எச்.265-இல் பதிகின்றன, நிற விவரம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 2025-இல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வரும் வரை என்விடியா அட்டைகளில் இந்த வகையை விரிக்கும் தனி மின்சுற்று கிடையாது, இன்டெலின் பல செயலிகளிலோ குயிக் சிங்க் என்ற பெயரில் அது முன்பே இருந்தது. ஆகவே அதற்கு முந்தைய லட்ச ரூபாய் அட்டை போட்ட கணினி திக்கித் திணறும், பக்கத்து மேசையில் ஒரு சாதாரண லேப்டாப் அதே ஃபைலை வெண்ணெயாக ஓட்டும். அட்டை வாங்கியவரின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

அடுத்தது ஒலி விலகல், படமும் பேச்சும் பொருந்தாமல் போவது. கல்யாணக் கேமரா நம் ஊரில் பெரும்பாலும் 25 ஃபிரேம், உறவினர் போன் 30. இரண்டையும் ஒரே டைம்லைனில் போட்டால் போன் கிளிப்பில் ஆறில் ஒரு ஃபிரேம் விழுந்துவிடும், நடந்து வருகிற மணப்பெண் லேசாகத் தத்தித் தத்தி வருவார். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். போன் சொன்ன 30-ஐ ஒழுங்காகப் பதிவதும் இல்லை, வெளிச்சம் குறைந்தால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சராசரி 29.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 நிமிடத்தில் அது 17,820 ஃபிரேம். மென்பொருள் அதைச் சரியாக 30 என்று நம்பி ஓட்டினால் படம் 594 வினாடியில் முடிந்துவிடும், ஒலி 600 வினாடி ஓடும், கடைசியில் வாய் ஒன்று பேச்சு ஒன்று. புதிய பதிப்புகள் ஃபிரேமின் நேரமுத்திரையைப் பார்த்து ஓரளவு சமாளிக்கின்றன. இருந்தாலும் போன் வீடியோவை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டு உள்ளே எடுப்பதே மன நிம்மதி.

நம் மொழிக்கென்று ஒரு தனித் தலைவலியும் உண்டு. கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'கெ' என்பதைச் சேமிக்கும்போது முதலில் க, பிறகுதான் எகரக் குறி. திரையில் அந்தக் குறி முன்னால் வந்து நிற்க வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து க-வின் இருபுறமும் உட்கார வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்கிற எஞ்சின் மென்பொருளில் இல்லாவிட்டாலோ, அதைத் தேர்ந்தெடுக்காவிட்டாலோ கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று வந்து நிற்கும். பிரீமியரின் பல பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினை அமைப்புகளுக்குள் தேடிப்போய்த் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாமென்று நம் எடிட்டர்கள் பலர் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களை விடவில்லை. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை, நாம் தட்டுகிற வரிசையிலேயே திரையில் நிற்கும், எந்த எஞ்சினும் தேவையில்லை. ஆனால் பட்டியலில் இருப்பது எழுத்தும் எழுத்துருவின் பெயரும் மட்டும்தான். தம்பி என் வீட்டில் திறந்தபோது அந்தச் சிவப்புக்கு மேலே டைட்டில்கள் மட்டும் தெரிந்தன, என் கணினியில் பாமினி கிடையாது, 'அம்மா' என்று இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச்.

பட்டியலுக்கு இன்னொரு குணம், எழுதியவருக்குத்தான் அது முழுதாகப் புரியும். ஒரு மென்பொருளில் செய்ததை இன்னொன்றுக்கு அனுப்பினால் வெட்டுகள் பெரும்பாலும் போய்ச் சேரும், எஃபெக்டும் கலரும் வழியிலேயே உதிரும். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. 2011 ஜூனில் ஃபைனல் கட் டென் வந்தபோது இதன் உச்சம் தெரிந்தது: டிராக் (கிளிப்புகளை மேலும் கீழுமாக அடுக்கும் வரிசைகள்) என்ற அமைப்பையே தூக்கிவிட்டு டைம்லைனைப் புதிதாக யோசித்திருந்தார்கள், வேகம் அபாரம். ஆனால் முந்தைய பதிப்பின் ப்ராஜெக்ட்டுகளை அது திறக்கவில்லை. பல கேமரா எடிட்டிங் அதில் இல்லை, 2012 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. அதற்குள் ஸ்டூடியோக்கள் பல வேறு மென்பொருளுக்குத் தாவிவிட்டன. இத்தனைக்கும் நடுவில் சிஎம்எக்ஸ் வடிவப் பட்டியலை இன்றைய மென்பொருள்களும் ஏற்றுமதி செய்கின்றன, ஒரே ஒரு வீடியோ டிராக்கை மட்டும் தாங்கும் அந்த வயதான பட்டியல்.

தம்பி மறுநாள் ஹார்ட் டிஸ்க்கோடு வந்தான். சிவப்புக் கிளிப்பைத் தட்டி, ஃபைல் இங்கே இருக்கிறது என்று ஒன்றைக் காட்டினால் போதும், அதே ஃபோல்டரில் மற்றவற்றையும் பெயரை வைத்து மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும். நொடியில் எல்லாம் உயிர் பெற்றது. ஆனால் மேடையில் ஒரு கேமரா, பந்தியில் ஒரு கேமரா, இரண்டு கார்டிலும் ஃபைல் பெயர்கள் ஒன்றிலிருந்து தொடங்கும் ஒரே வரிசை. இவன் காட்டியது பந்தி ஃபோல்டர். ஓலை வாசிக்கிற இடத்தில் சாம்பார் வாளி வந்தது. தாம்பூலத் தட்டு மாற்றுகிற இடத்தில், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போக, பெரியப்பா ஸ்லோமோஷனில் ஜாங்கிரியைக் கடித்தார். வெட்டுகள் எல்லாம் தாளத்துக்குச் சரியாக விழுந்தன. சிரித்து முடிக்கவே பத்து நிமிடம் ஆனது, சரியான ஃபோல்டரைக் காட்ட அரை நிமிடம். சித்தி விடவில்லை, "அந்த ஜாங்கிரி வீடியோவையும் குடுடா" என்றார். வேறு பெயரில் சேமித்து வைத்தான். இன்னொரு 2 எம்பி.