ரிக்கற்றில் உள்ள நேரத்தைக் கழித்துப் பார்க்காதீர்கள்

இந்த மாதமும் அதே கதைதான். ரிக்கற்றில் 15ஆம் திகதி 02.50 என்று இருக்கிறது. குடும்பம் 15ஆம் திகதி இரவு சூட்கேசுகளோடு கட்டுநாயக்காவில் போய் நிற்கிறது. விமானம் அன்று விடியப்புறமே போய்விட்டது.

நள்ளிரவு 12 தாண்டினால் திகதி மாறும். 15, 02.50 என்றால் மூன்று மணித்தியாலம் முந்தி, 14 இரவு 11.50க்கு விமானநிலையத்துக்குள் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வாகனத்தில் எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். ரயர் காற்றுப் போனால் சமாளிக்க இன்னும் மூன்று. ஆக, 14ஆம் திகதி மத்தியானம் 12.50க்குப் பிந்தாமல் வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டும்.

அடுத்தது, அடிக்கடி வரும் கேள்வி: "தம்பி, லண்டன் போகேக்க அஞ்சரை மணித்தியாலம், வரேக்க பதினாறாம். வேற வழியால சுத்திக்கொண்டு வருதோ?"

இல்லை அம்மா. ரிக்கற்றில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் மணிக்கூடு, இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் மணிக்கூடு. மாரிகாலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். கொழும்பில் பகல் 1.00க்கு ஏறி அங்கே மாலை 6.30க்கு இறங்கினால் பறந்தது 11 மணித்தியாலம். லண்டனில் இரவு 8.30க்கு ஏறி மறுநாள் பகல் 12.30க்கு இங்கே இறங்கினால் பறந்தது பத்தரைதான். அந்த அரை மணித்தியாலம் குறைவது, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று பின்னால் நின்று தள்ளுவதால். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை. போன வருசக் கணக்கை வைத்துக் கூப்பிட வருகிறவர்களுக்கு நேரம் சொல்லாதீர்கள்.

தூரத்தை வேகத்தால் பிரிப்பவர்களும் உண்டு. கொழும்பு–லண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர், 900ஆல் பிரித்தால் பத்துக்கும் குறைவு. ஆனால் ரிக்கற் நேரம் ஓடுபாதைக்கு உருண்டு போவதையும் சேர்த்தது. விமானம் நேர்கோட்டிலும் போவதில்லை.

ரொறன்ரோவுக்கு இங்கிருந்து நேரடி விமானமே இல்லை. டுபாய் வழியென்றால் முதலில் நாலரை, பிறகு பதினாலு மணித்தியாலம் அளவில். இடையில் காத்திருக்கும் நேரத்தை மட்டும் தாராளமாகக் கழித்துப் பார்க்கலாம், இரண்டும் டுபாய் மணிக்கூடு. இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவென்றால் வயதானவர்களுக்கு அந்த ரிக்கற்றைப் போடாதீர்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லுங்கள்.

இவ்வளவு விரித்துச் சொல்வது வயதானவர்களுக்காகத்தான். ஐந்தரை மணித்தியாலப் பயணம் என்று நம்பி, நீரிழிவுக்காரரின் மாத்திரையையும் இன்சுலினையும் பெரிய சூட்கேசில் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். பொதி அறையில் இன்சுலின் உறைந்து பழுதாகலாம், ஆளோ மேலே பதினொரு மணித்தியாலம் மருந்தில்லாமல் இருப்பார். கையில் கொண்டுபோகும் பையில், மருத்துவரின் கடிதத்தோடு வையுங்கள். எந்த ஊர் மணிக்கூட்டுக்கு எப்போது ஊசி போடுவது என்று போவதற்கு முதல் கிழமையே அவரிடம் கேட்டு, ஒரு துண்டில் எழுதிக் கடவுச்சீட்டுக்குள் வைத்து விடுங்கள்.