கத்தி பட்டால் பரவுமா? புற்றுநோய் அறுவைச் சிகிச்சை இன்று நடக்கும் விதம்

தொண்டியிலிருந்து இராமேசுவரம் வரையுள்ள கடற்கரை ஊர்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தால், உறவினர்களிடமிருந்து முதலில் வரும் அறிவுரைகளுள் ஒன்று, "கத்தி மட்டும் வைக்க விட்டுறாதீங்க, கத்தி பட்டா பரவிரும்" என்பதாகும். அக்கறையோடு சொல்லப்படும் இந்தச் சொல், கன்னத்தின் உட்புறம் ஆறாத புண்ணோடு இருப்பவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்துவிடுகிறது. இதை அறியாமை என்று ஒதுக்கிவிட்டால் அச்சம் நீங்காது. புற்றுநோய் அறுவை மருத்துவர்களும் இதே கேள்வியை நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுவருகிறார்கள் என்பதும், இன்று அவர்கள் கடைப்பிடிக்கும் விதிகளுள் பல அந்தக் கேள்வியிலிருந்தே பிறந்தவை என்பதும் இங்கே விளக்கிச் சொல்லத் தக்கவை.

புற்றுநோய் பரவுவதற்குக் கத்தி தேவையில்லை. புற்றுச் செல்கள் தம்மைச் சுற்றியுள்ள திசுவைக் கரைத்துக்கொண்டு முன்னேறி, நுண்ணிய நிணநீர்க் குழாய்களுக்குள்ளும் இரத்தக் குழாய்களுக்குள்ளும் தாமாகவே நுழைகின்றன. நிணநீரில் சென்றவை வழியிலுள்ள கணுக்களில் தங்கி வளரும். நெறி கட்டியிருக்கிறது என்று நாம் சொல்லும் கழுத்து வீக்கம் சில வேளைகளில் இவ்வாறு உண்டாவதே. இரத்தத்தில் சென்றவை நுரையீரலையோ கல்லீரலையோ எலும்பையோ அடையும். ஊடுகதிர்ப் படத்தைத் தவிர உடலுக்குள் பார்க்க வழியில்லாதிருந்த காலத்தில், வயிற்றைத் திறந்த பிறகுதான் நோய் எங்கும் பரவியிருப்பது தெரியவரும். மருத்துவர் எதையும் எடுக்க இயலாமல் தைத்து அனுப்புவார். நோயாளி சில வாரங்களில் இறந்துபோவார். பார்த்தவர்களுக்குக் கத்திதான் காரணமாகத் தெரிந்திருக்கும். அந்த நினைவு குடும்பங்களில் தலைமுறை கடந்து தங்கிவிட்டது என்று நான் கருதுகிறேன். இன்று சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் ஆகியவற்றால் நோயின் எல்லையை முன்கூட்டியே அளந்து, அறுவையால் பயனில்லை என்று தெரிந்தால் பெரும்பாலும் திறக்காமலேயே வேறு சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

ஆயினும் அந்த அச்சத்தில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. விரையில் புற்றுக்கட்டி இருப்பதாக ஐயம் எழுந்தால், விரைப்பையின் தோல் வழியாக ஊசி செலுத்திப் பரிசோதிப்பதில்லை. தொடை இடுக்கின் வழியாக விரை முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். எலும்புப் புற்றில் ஊசி போகும் பாதையை அறுவை மருத்துவரே முன்கூட்டிக் குறித்து, பின்னர் அந்தப் பாதையையும் கட்டியோடு சேர்த்து வெட்டியெடுக்கிறார். கருப்பைக் கட்டிகளை வயிற்றுக்குள்ளேயே துண்டு துண்டாக அரைத்து வெளியே எடுக்கும் கருவி, கண்டறியப்படாத புற்று உள்ளே இருந்தால் அதைச் சிதறடிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் எச்சரித்தது. மார்பகம், வாய், தைராய்டு போன்ற இடங்களில் பயாப்சி ஊசியால், அதாவது சோதிப்பதற்காகச் சிறிது திசு எடுக்கும் ஊசியால், நோய் பரவுவது மிக மிக அரிது. பயாப்சி இல்லாமல் சிகிச்சையைத் திட்டமிடுவதால் வரும் கேட்டோடு ஒப்பிட்டால் அது பொருட்படுத்தத் தக்கதே அன்று. கட்டியை உடைக்காமல், சுற்றிலும் நல்ல திசுவின் உறையோடு ஒரே துண்டாக எடுக்கவேண்டும் என்பதே இத்துறையின் முதல் விதி.

இக்கரையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கம் ஆண் பெண் இருபாலாரிடமும் உண்டு என்பதால், அந்த விதி எவ்வாறு செயற்படுகிறது என்பதை வாய்ப்புற்றைக் கொண்டே பார்க்கலாம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதிசெய்தது. நாக்கின் ஓரத்தில் ஒரு புற்றுப்புண் இருக்கிறது என்று கொள்வோம். கண்ணுக்குத் தெரியும் புண்ணின் எல்லையிலிருந்து ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தள்ளி, பக்கவாட்டிலும் ஆழத்திலும் வெட்டுகிறார்கள். வெட்டிய திசு சுருங்கிவிடும் என்பதைக் கணக்கில்கொண்டே இந்த இடைவெளி விடப்படுகிறது. நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்றுக்கும் வெட்டு விளிம்புக்கும் இடையே குறைந்தது 5 மில்லிமீட்டர் நல்ல திசு இருப்பதே பொதுவான இலக்கு. எடுத்த துண்டில் எது முன்பக்கம், எது அடிப்பக்கம் என்று தெரியும்படி நூலால் தைத்து அடையாளம் இட்டு அனுப்புகிறார்கள். ஐயமான விளிம்பை உடனே உறையவைத்துச் சீவி, நோயாளி மயக்கத்தில் இருக்கும்போதே சோதித்துச் சொல்லும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு. விளிம்பில் புற்று இருந்தால் அந்த இடத்தை மேலும் வெட்டுவார்கள்.

அடுத்தது கழுத்து. நாக்கில் சிறிய புண், கழுத்தில் தொட்டுப் பார்த்தால் எதுவும் இல்லை. அப்படியிருக்கக் கழுத்தை ஏன் திறக்கவேண்டும் என்று குடும்பத்தினர் கேட்பார்கள். மருத்துவர்களுக்குள்ளும் இது பல்லாண்டு விவாதமாக இருந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2015இல் அதற்கு விடை தந்தது. வாய்ப்புற்றை எடுக்கும்போதே கழுத்துக் கணுக்களையும் எடுத்த பிரிவில் 3 ஆண்டுகளுக்குப் பின் 80 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர். கணு வீங்கும்வரை காத்திருந்து எடுத்த பிரிவில் 67.5 விழுக்காட்டினரே இருந்தனர். முதலிலேயே கணு எடுக்கப்பட்டவர்களுள் 10 பேரில் ஏறத்தாழ மூவருக்கு, கைக்கு அகப்படாத அளவில் நோய் அங்கே ஏற்கெனவே சென்று சேர்ந்திருந்தது. அதாவது, கத்தி படாத கழுத்திலேயே நோய் பரவியிருந்தது. நம் நாட்டில், நம் மக்களிடம் கண்டறியப்பட்ட இந்த முடிவு உலகெங்கும் சிகிச்சை முறையை மாற்றியது.

கழுத்தைத் திறக்கும் முறையும் மாறிவிட்டது. 1906இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் விவரித்த பழைய அறுவையில் கணுக்களோடு கழுத்தின் பெரிய தசையும், கழுத்துச் சிரையும், தோளைத் தூக்கும் தசைக்குச் செல்லும் நரம்பும் சேர்ந்தே எடுக்கப்பட்டன. அந்த நரம்பு போனால் தோள் சரிந்துவிடும். கையைத் தோளுக்கு மேல் உயர்த்த இயலாது. பாம்பனிலோ மண்டபத்திலோ வலை இழுத்துப் பிழைக்கும் ஒருவருக்கு அது தொழிலையே இழப்பதாகும். இன்று, நோய் அவற்றைப் பற்றியிருந்தாலொழிய, இம்மூன்றையும் காத்துக்கொண்டு கணுக்களும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் மட்டும் உரித்தெடுக்கப்படுகின்றன.

தாடை எலும்பைப் புற்று தின்றிருந்தால் அதில் ஒரு பகுதியை எடுக்கவேண்டிவரும். முகம் கோணிவிடும், சோறு மெல்ல முடியாது என்ற கவலை நியாயமானது. இதற்குக் காலின் வெளிப்புறத்திலுள்ள மெல்லிய எலும்பு பயன்படுகிறது. உடற்சுமையின் பெரும்பகுதியை மற்றொரு எலும்பே தாங்குவதால், முழங்காலை ஒட்டியும் கணுக்காலை ஒட்டியும் சில சென்டிமீட்டர் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்தாலும் பெரும்பாலானோர் நன்றாக நடக்கிறார்கள். அந்த எலும்பை அதன் இரத்தக் குழாய்களோடும் தோலோடும் எடுத்து, தாடையின் வளைவுக்கேற்ப வெட்டிப் பொருத்தி, நுண்ணோக்கியின் கீழ் முடியினும் மெல்லிய நூலால் அக்குழாய்களைக் கழுத்துக் குழாய்களோடு இணைக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 8 மணி நேரத்திற்கும் மேல் நீளக்கூடும். அதன்பின் சில நாட்கள், வாயில் வைத்த தோலின் நிறமும் சூடும் மாறுகிறதா என்று இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் உடனே திறந்து சரிசெய்தால்தான் அந்த எலும்பு பிழைக்கும். நாட்டுப்படகில் நின்று வேலை செய்பவர் என்றால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்வது நல்லது. எந்த உறுப்பிலிருந்து திசு எடுப்பது என்ற முடிவில் தொழிலுக்கும் இடம் உண்டு.

மார்பகப் புற்றில் கத்தியின் எல்லை சுருங்கிய வரலாறு இன்னும் நீண்டது. அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்பகம், அதன் கீழுள்ள தசைகள், அக்குள் கணுக்கள் அனைத்தையும் ஒருசேர நீக்கும் அறுவையைப் பரப்பினார். அதிகம் வெட்டினால் அதிகம் காக்கலாம் என்பது அக்கால நம்பிக்கை. அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்டு ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு அளித்த பெண்களும், மார்பகம் முழுவதும் எடுக்கப்பட்ட பெண்களும் 20 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரே அளவில் உயிர் வாழ்ந்தது 2002இல் உறுதியானது. கதிர்வீச்சைத் தவிர்த்தால் அதே மார்பகத்தில் நோய் திரும்புவது மிகுதி என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே மார்பகத்தைக் காக்க விரும்புபவர், 'கரண்ட் வைப்பது' என்று ஊரில் சொல்லப்படும் அந்தச் சிகிச்சையையும் சேர்த்தே ஏற்கவேண்டும்.

அக்குளில் நடந்த மாற்றம் இக்கரைப் பெண்களுக்கு மிக முக்கியமானது. இராமநாதபுரத்துக் கண்மாய்களில் மேலே உள்ளது நிறைந்து கலுங்கு வழியாக வழிந்த பிறகே அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் சேர்வதைப்போல, மார்பகத்திலிருந்து வரும் நிணநீர் முதலில் ஓரிரு கணுக்களை அடைந்து, பிறகே மற்றவற்றுக்குச் செல்கிறது. கட்டியின் அருகே நீலச் சாயமோ சிறிதளவு கதிரியக்கப் பொருளோ செலுத்தினால், அது முதலில் சேரும் கணுவை அடையாளம் காணலாம். அக்கணுவில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொடவேண்டியதில்லை. பிழை நேரும் வாய்ப்பு சிறிதளவே. அக்குள் கணுக்கள் முழுவதும் எடுக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்குக் கை நிரந்தரமாக வீங்குகிறது. முதல் கணுவை மட்டும் எடுத்தால் அது ஏறத்தாழ 20 பேரில் ஒருவராகக் குறைகிறது. வீங்கிய கையில் சிறு கீறல் பட்டாலும் கிருமி எளிதில் பரவிக் காய்ச்சலும் செம்மையும் உண்டாகும். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பாறைகளில் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களின் விரல்கள் நாள்தோறும் கீறுபடுகின்றன. அவர்களுக்கு அக்குளில் எத்தனை கணு எடுக்கப்படுகிறது என்பது, மீண்டும் கடலில் இறங்க முடியுமா என்ற கேள்விதான்.

அறுவையின்போது கட்டியைத் தொட்டு அசைப்பதால் செல்கள் இரத்தத்தில் கலக்கக்கூடும் என்ற பழைய ஐயத்தை, டாட்டா மருத்துவமனையின் ராஜேந்திர பட்வே குழுவினர் நேரடியாகவே சோதித்தனர். பல் பிடுங்கும்முன் போடும் மரப்பு மருந்து வகையைச் சேர்ந்த லிக்னோகெயினை, கட்டியை எடுப்பதற்கு 7 முதல் 10 நிமிடங்களுக்கு முன் அதைச் சுற்றிலும் செலுத்தினார்கள். இந்தியாவின் 11 மையங்களில் மார்பகப் புற்று கொண்ட ஏறத்தாழ 1,600 பெண்களிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. 5 ஆண்டுகளில் உயிரோடிருந்தோர் ஊசி போடாத பிரிவில் 86.4 விழுக்காடு, போட்ட பிரிவில் 90.1 விழுக்காடு. மிக மலிவான, எந்த மருத்துவமனையிலும் கிடைக்கும் மருந்து அது. வேறு நாடுகளிலும் இது மீண்டும் சோதிக்கப்படவேண்டும் என்பது சரியே. ஆனால் ஓர் அச்சத்தை மறுத்துப் பேசுவதோடு நிறுத்தாமல், அதை அளந்து பார்த்து மருந்தும் தேடிய இந்த அணுகுமுறை என்னைப் பெரிதும் ஈர்க்கிறது.

சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்திச் செய்யும் துளைவழி அறுவையும் ரோபோ கருவிகளும் இன்று அதிகம் விளம்பரப்படுத்தப்படுகின்றன. பெருங்குடல் போன்ற உறுப்புகளில் துளைவழி அறுவையால் வலி குறைகிறது, விரைவில் எழுந்து நடக்கலாம், நோய் நீங்குவதிலும் குறைவில்லை. எல்லா இடத்திலும் அப்படியில்லை. கருப்பைவாய்ப் புற்றில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தோர் திறந்த அறுவையில் 96.5 விழுக்காடு, துளைவழியில் 86 விழுக்காடு என்று காட்டியபின், அந்நோய்க்குத் திறந்த அறுவையே மீண்டும் முதலிடம் பெற்றது. சிறிய துளையா பெரிய வெட்டா என்று கேட்பதைவிட, இந்த நோய்க்கு எது நிறுவப்பட்டது என்று கேட்பதே பயன் தரும்.

சில நோய்களில் கத்தியின் முறையே மாறிவிட்டது. முன்பு காலையே துண்டித்த எலும்புப் புற்றில், முதலில் கீமோ கொடுத்துவிட்டு, நோயுள்ள எலும்பை மட்டும் எடுத்து உலோக எலும்பு பொருத்துகிறார்கள். மலக்குடல் புற்றில் கதிர்வீச்சுக்கும் கீமோவுக்கும் பின் கட்டி முழுவதும் மறைந்துவிட்டால், அறுவை செய்யாமல் கண்காணிக்கும் வழியைப் பிரேசிலின் ஏஞ்சலிடா ஹப்ர்-காமா 2004இல் முன்வைத்தார். மலம் சேர வயிற்றின் மேல் ஒட்டிய பையோடு வாழவேண்டிய நிலையை இது சிலருக்குத் தவிர்க்கிறது. ஆனால் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள், அதே இடத்தில் கட்டி மீண்டும் வளர்கிறது. ஆதலால் சில மாதங்களுக்கு ஒருமுறை தவறாமல் பரிசோதனைக்குச் செல்லக்கூடியவர்களுக்கே இது பொருந்தும்.

இராமேசுவரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவிலிருப்பதால், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே அதன் பின்னுள்ள வாரங்களையும் கணக்கிடவேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தால், அதற்குள் எடுக்கக்கூடிய கட்டி எடுக்கமுடியாததாகிவிடலாம். வாய்ப்புற்று அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால் 6 வாரங்களுக்குள் அதைத் தொடங்கவேண்டும். அது வாரத்திற்கு 5 நாட்களாக ஏறத்தாழ 6 வாரம் நடக்கும் என்பதால், தங்குவதற்கு இடம் முன்னரே பார்த்துவைப்பது நல்லது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் எந்தெந்த அறுவைகளுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவமனையிலேயே கேட்டறியலாம். அறுவை முடிந்து ஓரிரு வாரங்களில் வரும் திசுப் பரிசோதனை அறிக்கையின் நகல் ஒன்றை வீட்டில் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் தூய்மையாக இருந்தது, புற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது, எடுத்த கணுக்களுள் எத்தனையில் நோய் இருந்தது, அது கணுவின் உறையைத் தாண்டியிருந்ததா ஆகிய நான்கும் அதில் இருக்கின்றனவா என்று மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கதிர்வீச்சு வேண்டுமா, அதனோடு கீமோவும் சேர்க்கவேண்டுமா என்பதைப் பெரும்பாலும் அவற்றைக் கொண்டே முடிவு செய்கிறார்கள்.