சி3 என்பது தரம் இல்லை, இடைவெளி

"6205 ரெண்டு கொடுங்க. சி3 வேண்டாம், அது மூணாம் குவாலிட்டி." 6205 என்பது பேரிங்கின் எண், சி3 என்பது அதற்குப் பின்னால் வரும் குறியீடு. பேரிங் கவுண்டரில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. அடுத்து வருபவர் நேர் எதிராக, "எதுவானாலும் சி3 போடுங்க, அதுதான் ஹெவி டியூட்டி" என்பார். இரண்டுமே தப்பு. இந்த வாரம் ஒரு 2 எச்பி மோட்டாரிலிருந்து கழற்றி வந்த பேரிங்கைப் பாருங்கள்: உள்வளையம் நீலம் பாய்ந்திருக்கிறது, கிரீஸ் கரியாகிவிட்டது, குண்டுகளைப் பிரித்துப் பிடிக்கும் கேஜ் உடைந்து கிடக்கிறது. இரும்பில் அந்த நீலம் ஏற வேண்டுமென்றால் சூடு 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்க வேண்டும். "மால் சரியில்லை, மாத்திக் கொடுங்க" என்கிறார்கள். மாலில் குறையில்லை, கேட்டு வாங்கியதில்தான் குறை.

6205 என்ற எண் பேரிங்கின் வகையையும் சைஸையும் மட்டுமே சொல்லும். 05ஐ ஐந்தால் பெருக்கினால் உள்துளை 25 மி.மீ.; வெளிவிட்டம் 52, அகலம் 15. அதற்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளில்தான் மீதி விஷயம் முழுவதும் இருக்கிறது.

சி3 என்பது குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியின் அளவு. 25 மி.மீ. துளையுள்ள பேரிங்கில் சாதா இடைவெளி 5 முதல் 20 மைக்ரான் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சி3 என்றால் 13 முதல் 28. சாதாவுக்குப் பெரும்பாலும் எழுத்தே போட மாட்டார்கள். சி2 சாதாவைவிடக் குறைவு, சி4 சி3ஐவிட அதிகம். இதில் முதல் தரம், மூன்றாம் தரம் எங்கே வந்தது? இரும்பும் குண்டும் ஒன்றேதான். துல்லியத்தைச் சொல்ல பி6, பி5 என்று தனிக் குறியீடு இருக்கிறது.

இடைவெளி ஏன் அதிகம் வேண்டும்? ஷாஃப்ட், அதாவது பேரிங் ஏறும் தண்டு, பேரிங் துளையைவிட 10 மைக்ரான் பெரிதாக இருந்தால், அழுத்தி ஏற்றும்போது உள்வளையம் விரியும். இடைவெளியில் 8 மைக்ரான் அதிலேயே போய்விடும். மோட்டார் ஓடும்போது வெளிவளையத்தைவிட உள்வளையம் 15 டிகிரி கூடுதலாகச் சூடானால் இன்னொரு 7 மைக்ரான் போகும். ஆக 15. கையில் இருப்பது 8 மைக்ரான் இடைவெளியுள்ள சாதா பேரிங் என்றால் குண்டுகள் நசுங்கியபடி சுற்றும். சூடு ஏறும், ஏறிய சூட்டில் உள்வளையம் இன்னும் விரியும். அப்புறம் நீலம்தான். அதற்காக எல்லா இடத்திலும் சி3 போடாதீர்கள். சூடில்லாத, லூஸ் ஃபிட்டான, லோடு குறைந்த இடத்தில் சத்தம் போடும். லேத்தின் முக்கியத் தண்டான ஸ்பிண்டிலில் மெஷின் கம்பெனி சொன்னதைத் தவிர வேறெதையும் போட வேண்டாம்.

எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகடு. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். பஞ்சுத் தூசியும் தண்ணீரும் தெறிக்கும் இடத்துக்கு ரப்பர் சீல். குண்டுக்குப் பதில் உருளை உள்ள ரோலர் பேரிங்கில் என்யூ என்ற வகை கேட்டால் என்ஜே வகையை வாங்கிப் போகாதீர்கள். என்யூவில் உள்வளையத்துக்கு விளிம்பு கிடையாது, ஷாஃப்ட் சூட்டில் நீள அதுதான் வழிவிடுகிறது.

மாட்டுவதில் நடக்கும் கொடுமை தனி. தேய்ந்த ஷாஃப்டில் பஞ்ச் வைத்துப் புள்ளி புள்ளியாக அடித்து "டைட்" பண்ணுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பேரிங் அந்தப் புள்ளிகளின் மேல்தான் நிற்கும். சில நாளில் அவை தேய்ந்து உள்வளையம் ஷாஃப்டில் வழுக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து, உலோகம் ஏற்றிக் கடைந்து வாருங்கள். ஷாஃப்டில் ஏற்றும்போது வெளிவளையத்தில் சுத்தியல் படவே கூடாது: அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், குண்டுக்கொரு குழியாக ஓடுபாதையில் பதியும். உள்வளையத்தின் மேல் குழாய் வைத்துத் தட்டுங்கள். சூடு பண்ணுவதானால் மின்காந்தத்தால் சூடாக்கும் இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி போதும். சீல் போட்டதை 80க்கு மேல் கொண்டுபோக வேண்டாம். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம்.

கவுண்டரில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு இலக்கத்தைக் கேட்டதும் டப்பாவை எடுத்து நீட்டாதீர்கள். எந்த மெஷின், எந்தப் பக்கம், என்ன ஆர்பிஎம், கை வைக்க முடியாத சூடா என்று கேளுங்கள். ஒரு நிமிஷ வேலை.

வாங்க வருபவர்களே, வாட்ஸப்பில் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். வளையத்தில் பொறித்திருப்பதை முழுசாகப் படம் எடுத்து அனுப்புங்கள். போன தடவை மாட்டியவரே தப்பாக மாட்டியிருக்கலாம், அதனால் மோட்டார் நேம்பிளேட்டையும் சேர்த்து எடுங்கள். டிரைவ் பக்கத்துக்கும் ஃபேன் பக்கத்துக்கும் என்ன பேரிங் என்று பல மோட்டார்களில் அதிலேயே இருக்கும். பழைய பேரிங்கைக் கழுவித் துடைக்காமல், கிரீஸோடு அப்படியே ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள்.